கேன்டீன் டோக்கனும் கம்பெனி பஸ்ஸும்

வாசகர் கேள்வி – பதில்

(வேலை செய்யும் இடத்தில் கிடைக்கும் வசதிகள், கிடைக்காத வசதிகள் பற்றி இந்த இதழுக்கு வந்த கேள்விகளுக்கு, அம்பத்தூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எங்கள் ஐடி அலுவலகத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் இருந்தால் சாப்பாடு இலவசம். ஒன்பதைத் தாண்டினால் வீட்டு வாசல் வரை கேப். ஜிம் உண்டு, கேரம் போர்டு உண்டு, குட்டித் தூக்கம் போட அறைகூட உண்டு. என் மனைவியோ, "அந்த அட்ரஸுக்கே ரேஷன் கார்டை மாத்திடுங்க" என்கிறாள். இத்தனை கொடுத்தும் குறை சொல்லலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

உங்கள் மனைவி விவரமானவர். எந்த வசதியைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது, அது எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது என்பதைத்தான். ஆறு மணிக்கு வேலை முடிந்து கிளம்புகிறவர் ஓஎம்ஆர் நெரிசலில் சொந்தக் காசில் ஆட்டோ பிடிக்க வேண்டும். ஒன்பதுக்குக் கிளம்புகிறவருக்குக் கார் வருகிறது. அப்படியானால் ஏழு மணிக்கு வேலை முடிந்தவர் என்ன செய்வார்? சாப்பாட்டுக்காக எட்டு வரை மெயிலைக் கிளறிக்கொண்டிருப்பார். சாப்பிட்டதும், "இன்னும் கொஞ்ச நேரம்தானே, கேபிலேயே போய்விடலாம்" என்று தோன்றும். ஒரு சாப்பாடும் ஒரு கார் வாடகையும் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்தான். அதற்குக் கைமாறாக உங்கள் மாலைப் பொழுது முழுக்க கம்பெனிக்குக் கிடைக்கிறது. வியாபாரம் யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எல்லாமே சூழ்ச்சி என்று சொல்ல வரவில்லை. இரவு வண்டி வந்ததற்கு வலுவான காரணம் உண்டு. தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அப்போது வண்டி வசதி உட்படப் பல பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே விதித்தது. ராத்திரியில் ஒருவரை வேலை வாங்கினால் பத்திரமாக வீடு சேர்ப்பது நிறுவனத்தின் கடமை. பகல் வேலைக்காரரை ராத்திரி வரை உட்கார வைக்க அதே வண்டியைத் தூண்டிலாகப் போடுவது வேறு.

குறை சொல்ல வேண்டாம், ஒன்று கேளுங்கள். மாலை ஆறே காலுக்கு வேளச்சேரி ரயில் நிலையத்துக்கு ஒரு வேன், கிண்டிக்கு ஒரு வேன் விடச் சொல்லுங்கள். இரவு கேப்களுக்கு ஆகும் செலவில் ஒரு பங்குதான் ஆகும். ஹெச்ஆர்காரர் வரிச் சிக்கல் என்று இழுத்தால், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கம்பெனி வண்டியில் போய்வருவதை ஊழியரின் வருமானமாக வருமான வரிச் சட்டம் சேர்ப்பதில்லை என்று சொல்லுங்கள். அப்புறமும் இழுத்தால், நீங்கள் ஆறு மணிக்குக் கிளம்புவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதுவும் ஒரு தகவல்தானே.

கேள்வி: ஆலையில் நிரந்தர ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு 5 ரூபாய். கான்ட்ராக்டில் இருக்கும் எங்களுக்கு 45 ரூபாய். கம்பெனி பஸ்ஸிலும் அவர்கள் ஏறிய பிறகு சீட் இருந்தால்தான் நாங்கள். கேட்டால், "உன் கான்ட்ராக்டர்கிட்ட போய்க் கேளு" என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், ஓரகடம்

தம்பி, "கான்ட்ராக்டர்கிட்ட கேளு" என்பதைத் தொழிற்பேட்டைகளில் கேட்காத நாள் கிடையாது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் கட்டாயம் என்றது. தொழிலாளி என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கத்திலேயே கான்ட்ராக்டர் மூலம் வந்தவரும் அடக்கம். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக இறக்கிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட 100 என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளருக்கான கேன்டீன், ஓய்வறை போன்ற நல வசதிகளைச் செய்து தர வேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர், அதாவது ஆலைக்காரர் என்றும் அதில் இருக்கிறது. ஆக, நீங்கள் சரியான வாசலில்தான் நிற்கிறீர்கள்.

விலை விஷயம் கொஞ்சம் நெளிவானது. எல்லாருக்கும் ஒரே விலை என்று ஒரு வரி சட்டத்தில் கிடையாது. ஆனால் விலையை எப்படிப் போட வேண்டும் என்பதற்கு முறை உண்டு. பழைய சட்டத்திலேயே, கேன்டீன் நடத்தும் செலவில் சிலவற்றைச் சாப்பாட்டு விலையில் ஏற்றக் கூடாது, அவற்றை முதலாளியே ஏற்க வேண்டும் என்று விதி போடவும், நிர்வாகக் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகளை வைக்கவும் இடம் இருந்தது. அதனால் "எங்களுக்கு ஏன் 45?" என்று கேட்பதைவிட, "அந்த 45 ரூபாயில் என்னென்ன சேர்ந்திருக்கிறது?" என்று கமிட்டிக்கு எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்த கேள்வி ஃபைலில் ஏறும். ஃபைலில் ஏறியதற்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் நிரந்தரக்காரர்களுக்கு நீல டோக்கன், கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சிவப்பு. ஒரே அண்டாச் சோறு, ஒரே சாம்பார். ஆனால் அப்பளம் நீல டோக்கனுக்கு மட்டும். யார் போட்ட உத்தரவு என்று தேடினால் ஒருவருக்கும் தெரியவில்லை. எப்போதோ அப்பளம் தட்டுப்பாடான ஒரு நாளில் ஆரம்பித்து, யாரும் மாற்றாமல் அப்படியே நின்றுவிட்டிருக்கிறது. சிவப்பு டோக்கன்காரர்கள் விலையைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். தட்டை நீட்டும்போது பரிமாறுகிறவர் டோக்கன் நிறத்தைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுப்பாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அக்கவுன்ட்ஸ்காரரிடம் கணக்குக் கேட்டேன். எல்லாருக்கும் அப்பளம் போட்டால் மாதத்துக்கு ஆகும் கூடுதல் செலவு, வெளியூர் விருந்தாளிகளுக்கு வாங்கும் பிஸ்கட், முந்திரிச் செலவைவிடக் குறைவு. அடுத்த திங்கள்கிழமை முதல் எல்லாருக்கும் அப்பளம். டோக்கன் நிறம் ஒன்றாக மட்டும் இன்னும் நாளானது.

பஸ் சீட்டைப் பொறுத்தவரை, பதவி வாரியாக இல்லாமல் ஏறும் இடம் வாரியாகப் பட்டியல் போடச் சொல்லுங்கள். தூரத்தில் இருந்து வருகிறவருக்கு முதல் சீட் என்றால் நிரந்தரக்காரர்களிலேயே பாதிப் பேர் உங்கள் பக்கம் நிற்பார்கள். எதற்கும் வழி பிறக்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதுங்கள். தனியாக எழுதாதீர்கள், பத்துப் பேர் கையெழுத்தாவது இருக்கட்டும்.

கேள்வி: துணிக்கடையில் சேல்ஸ் வேலை. உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததும் முதலாளி வாங்கிப் போட்டார். எல்லாம் குடோனில் அடுக்கிக் கிடக்கின்றன. தளத்தில் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் வருகிறார்.
– வாசகி, தி.நகர்

குடோனில் இருக்கும் ஸ்டூலில் மூட்டைதான் உட்காரும். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ள ஏற்றபடி எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும் என்பது அதன் சாரம். வாய்ப்பு கிடைப்பது நீங்கள் நிற்கும் இடத்தில்தான், குடோனில் இல்லை. ஆகவே இருக்கையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

இதில் நமக்கு முன்னோடி கேரளம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டி விஜி என்ற தையல் தொழிலாளி நடத்திய போராட்டத்தில் கழிப்பறையும் நாற்காலியும் முக்கியமான கோரிக்கைகள். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு பிபிசி வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது.

கழிப்பறையை எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நான்கு மாடிக் கடையில் ஊழியர் கழிப்பறை மொட்டை மாடியில் மட்டும் இருக்கும். ஏறி இறங்கப் பத்து நிமிஷம் ஆகும். அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்து, சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை விழுங்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஸ்டூலைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். முதலாளியிடம் சொல்லிப் பலனில்லை என்றால் உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கவுன்டருக்குப் பின்னால் சுவரோடு மடிகிற பலகை இருக்கை வைத்தால் நடைபாதை அடைபடாது, வாடிக்கையாளர் வந்ததும் எழுந்தால் தானே மடிந்துகொள்ளும். "இடம் இல்லை" என்று முதலாளி சொல்வதற்கு இதுதான் பதில்.

கேள்வி: தீபாவளி போனஸுக்குப் பதிலாக குக்கரும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துவிட்டு, "இதுவும் அதே மதிப்புதான்" என்கிறார் முதலாளி. சரியா?
– வாசகர், சிவகாசி

சரியில்லை. சட்டப்படி போனஸுக்குத் தகுதி உள்ளவர் என்றால் குறைந்தது 8.33 சதவீதம், அதுவும் பணமாக. குக்கர் அன்பளிப்பு, வைத்துக்கொள்ளுங்கள். போனஸைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு ஒன்பது மாதம். கம்பெனியில் குழந்தைக் காப்பகம் இல்லை. "டை-அப் போட்டிருக்கிறோம்" என்று மேடவாக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டுகிறார்கள். அலுவலகம் கிண்டியில். இப்படிச் செய்யலாமா?
– வாசகி, ஆலந்தூர்

காகிதத்தில் காப்பகம், கையில் பிள்ளை. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். அது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. கூடவே வந்த இன்னொன்று பலருக்குத் தெரியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். இப்போது அமலில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இது அப்படியே தொடர்கிறது.

அந்த நான்கு முறை என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிண்டியிலிருந்து மேடவாக்கத்துக்கு நான்கு தடவை போய்வந்தால் அதற்குப் பிறகு அலுவலகத்தில் நுழைய நேரம் இருக்காது. இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் 2018-இல் மத்திய அரசின் வழிகாட்டுதலில், காப்பகம் வேலை செய்யும் இடத்திலோ அருகிலோ, 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கட்டும் என்றார்கள். உங்கள் மேலாளருக்கு நீளமாக எழுத வேண்டாம். "காலை 11 மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போய்விட்டு எத்தனை மணிக்குத் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஒரு மெயில் போடுங்கள். பக்கத்து நிறுவனங்களோடு சேர்ந்து ஒரு பொதுக் காப்பகம் நடத்தவும் சட்டம் இடம் தருகிறது. கிண்டியில் ஒரே கட்டடத்தில் பல கம்பெனிகள் இருப்பதால் இதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

கேள்வி: கேன்டீன், பஸ், காப்பீடு எல்லாம் ஐடி கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். அப்படியா?
– கல்லூரி மாணவி, மதுரை

பேராசிரியரைப் பெரம்பூர் பக்கம் ஒருமுறை அனுப்பி வையுங்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்கள் ஆலைப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரிடம் கொட்டிய குறைகளில் முக்கியமானது, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்து, கை கழுவி, சாப்பிட்டு, கேட் மூடுவதற்குள் திரும்ப ஓட வேண்டும். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கத்தின் ஆரம்பப் பேச்சே சோறு தின்ன நேரம் வேண்டும் என்பதுதான். ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலை எட்டு மணி நேர வேலையை 1912-லும், சம்பளத்தோடு விடுப்பு, வருங்கால வைப்பு நிதி இரண்டையும் 1920-லும் கொண்டுவந்தது. அப்போது கம்ப்யூட்டர் ஏது?

சோறும் படுக்கையும் இன்றைக்கும் தெருவுக்கு வரும் விஷயம்தான். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் மின்னணு ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனதால். 2024 ஆகஸ்டில் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்தார்கள். அதன் மெஸ் எப்படி என்பதை அங்கே சாப்பிடுகிற பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். திறப்பு விழா போட்டோவில் சாம்பார் ருசி தெரியாது.

கேள்வி: சின்ன லேத் பட்டறை, 35 பேர். பெரிய கம்பெனி மாதிரி செலவு செய்ய வழியில்லை. ஆட்கள் நிலைக்க என்ன செய்யலாம்?
– பட்டறை உரிமையாளர், கணபதி, கோவை

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை, ஆள் ஒருவர் தேவை.

உங்கள் ஆபீஸில் இருக்கும் அந்தப் பெண்ணையோ பையனையோ மாதத்தில் ஒரு நாள் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வேலைக்கென்று ஒதுக்குங்கள். உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு ஆதாரில் ஒரு பெயரும் பிஎஃப் கணக்கில் ஒரு பெயரும் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு தீராத தலைவலி. ஒன்றில் ஓர் எழுத்து, இன்னொன்றில் தகப்பனார் பெயர் முழுசாக, அதுவும் முன்னாலா பின்னாலா என்று குழப்பம். மகள் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டு விண்ணப்பிக்கும்போதுதான் பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். பிறகு அந்த மனிதர் சம்பளத்தை விட்டுவிட்டு பிஎஃப் ஆபீஸ், இ-சேவை மையம், பேங்க் என்று அலைவார். கூலியும் போகும், உங்கள் மெஷினும் சும்மா நிற்கும். கல்யாணம் வருவதற்கு முன்பே இதை உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தால், எந்தப் பரிசுக் கூப்பனும் அதற்கு ஈடாகாது.

இஎஸ்ஐயும் அப்படித்தான். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. மாதம் தவறாமல் கட்டுகிறீர்கள். ஆனால் ஆளுக்கு உடம்புக்கு வந்தால் அவர் போவது தனியார் ஆஸ்பத்திரிக்கு. ஏன்? குடும்பத்தார் பெயரைப் பதிவில் சேர்க்கவே இல்லை. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயரைச் சேர்த்து, அட்டையை அச்செடுத்து, சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனைக்கு எப்படிப் போக வேண்டும் என்று ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள்.

மற்றவை சில்லறை விஷயங்கள்தான். டீக்குத் தெருமுனை வரை நடக்க விடாமல் ஃப்ளாஸ்க்கில் வரவழையுங்கள். கூடவே சுண்டலோ வாழைப்பழமோ, தினமும் பஜ்ஜி வேண்டாம். ஆன்லைனில் வாங்குகிற பார்சலை வாட்ச்மேன் வாங்கி வைக்க ஓர் அலமாரி. வண்டி நிறுத்துமிடத்துக்கு ஒரு தகரக் கூரை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வட்டியில்லாத முன்பணம், பத்து மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம். ரேஷன் கடைக்கோ, பிள்ளை பள்ளியில் கூப்பிட்டால் போய்வரவோ ஒரு மணி நேர பெர்மிஷன், காரணம் துருவாமல்.

சம்பளத் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி. அது தவறினால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. "மாதத்தின் சிறந்த ஊழியர்" போட்டோ மாட்டும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவர் சிரிப்பார், 34 பேர் முறைப்பார்கள்.

கேள்வி: ஆபீஸில் டீ மாஸ்டரை எடுத்துவிட்டு மெஷின் வைத்துவிட்டார்கள். டீ, காபி, பாதாம் பால், தக்காளி சூப் நான்கும் ஒரே ருசியாக வருகிறது. என்ன செய்ய?
– வாசகர், திருச்சி

நான்கும் ஒரே குழாய் வழியாக வருகிறது, வேறு எப்படி இருக்கும்? சூப் பொட்டலத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அதனால்தான். பிறகு தினமும் காலையில் மெஷினை வெந்நீர் விட்டுக் கழுவும் வேலை யார் பெயரில் இருக்கிறது என்று நிர்வாகப் பிரிவில் கேளுங்கள். யார் பெயரிலும் இருக்காது. பழைய டீ மாஸ்டர் இன்னும் அந்தப் பக்கம் கடை வைத்திருந்தால், எனக்கும் ஒரு ஸ்ட்ராங் சொல்லி வையுங்கள்.